முதல் வாரம் ஒரு ருசி, மூன்றாம் வாரம் ஒரு ருசி

“எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?”

வெள்ளாட்டுச் சீஸ் வாங்க வருபவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். இன்று மதியத்துக்கு என்றால் ஒன்றை எடுத்துத் தருவேன். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு என்றால் வேறொன்றை எடுப்பேன். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், செய்தவரும் ஒருவர்தான். வயதுதான் வேறு. கையால் செய்த வெள்ளாட்டுச் சீஸ் கடைக்கு வந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இருக்கும் ருசி அடுத்த வாரம் இருக்காது; அந்த இடத்தில் இன்னொரு ருசி வந்திருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் வாங்குவது, வெட்டுவது, பரிமாறுவது எல்லாம் எளிதாகிவிடும்.

நான் புதுச்சேரிக்காரி. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். இருப்பது தூர் நகரத்தில். பாரிசுக்குத் தென்மேற்கே, லுவார் ஆற்றங்கரையில் இருக்கிறது. இங்கே ஒரு சீஸ் கடையில் விற்பனைக்கு நிற்பதுதான் என் வேலை. பிரான்சின் பேர்போன வெள்ளாட்டுச் சீஸ்களில் பல இந்த ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டிய ஊர்களில்தான் செய்யப்படுகின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆற்றோரத்து ஐந்து சீஸ்கள்

எங்கள் கண்ணாடிப் பெட்டியில் இவற்றைப் பெயர்ப்பலகை பார்க்காமலே அடையாளம் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு.

சாம்பல் பூசிய நீள உருளை, செந்த்-மோர் து தூரேன். தூருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள சிற்றூரின் பெயர் அது. உச்சியை வெட்டிய பிரமிடு, வலான்சே. எகிப்துப் படையெடுப்பிலிருந்து தோற்றுத் திரும்பிய நெப்போலியன், வலான்சே மாளிகையில் பிரமிடு வடிவச் சீஸைக் கண்டு எரிச்சலில் வாளால் அதன் தலையைச் சீவினான் என்று இங்கே கதை சொல்வார்கள். வரலாற்றில் இதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் சீஸை விற்கும் எல்லோரும் இந்தக் கதையைச் சேர்த்தேதான் விற்கிறார்கள். சாம்பல் பூசிய தட்டை வட்டு, செல்-சூர்-ஷேர். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் பிரமிடு, புலிஞி-சென்-பியேர்; ஈஃபில் கோபுரம் என்று அதற்குச் செல்லப்பெயர். உள்ளங்கையில் அடங்கும் குட்டி உருளை, க்ரோத்தன் து ஷவிஞோல். வெள்ளை ஒயினுக்குப் பேர்போன சான்சேர் குன்றின் அடியில் உள்ள ஷவிஞோல் கிராமம் அதன் ஊர்.

நாம் புவிசார் குறியீடு என்கிறோமே, அந்த வகைச் சட்டப் பாதுகாப்பு இவை எல்லாவற்றுக்கும் உண்டு. புலிஞி 1972-லும், செல்-சூர்-ஷேர் 1975-லும், ஷவிஞோல் 1976-லும், செந்த்-மோர் 1990-லும், வலான்சே 1998-லும் அதைப் பெற்றன. எந்தப் பகுதி ஆட்டின் பால், எந்த அச்சு, குறைந்தது எத்தனை நாள் பழுக்க வேண்டும் என்பது எல்லாம் விதியில் எழுதியிருக்கும். இன்று ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான சிவப்பு-மஞ்சள் வட்ட முத்திரை உறையில் இருக்கும். அதோடு ‘பெர்மியே’ என்ற சொல்லும் இருந்தால், சொந்த ஆட்டு மந்தையின் பாலில் அந்தப் பண்ணையிலேயே செய்தது என்று பொருள். நான் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

ஒரு நாள் முழுக்க உறையும் பால்

எங்களுக்குச் சீஸ் அனுப்பும் பண்ணை ஒன்றில் வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கறந்த பால் சூடு ஆறி 20 டிகிரி அளவில் இருக்கும்போது, முந்தைய நாள் வடித்த தெளிநீரைக் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். அதுதான் உறை. அதோடு, பாலைத் திரிய வைக்கும் ரென்னட் என்ற நொதி மிகச் சில சொட்டு. பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் தொடுவதில்லை. நம் வீட்டில் ராத்திரி பாலுக்கு உறை ஊற்றி மூடி வைப்பதுபோலத்தான் இதுவும். பால் நிதானமாகப் புளித்துத் தானாகக் கெட்டிப்படுகிறது. மாட்டுப்பாலில் செய்யும் கெட்டிச் சீஸ்களுக்கு ரென்னட்டை அதிகம் சேர்த்து அரை மணி, ஒரு மணியில் திரிய வைத்துவிடுவார்கள். இங்கே வேலை செய்வது புளிப்பு. இளம் வெள்ளாட்டுச் சீஸில் தயிர்வாசம் வீசுவதற்கும், வாயில் வைத்ததும் கரைவதற்கும் அதுதான் காரணம்.

மறுநாள் அந்தத் தயிர்க்கட்டியை அகப்பையால் அள்ளி, துளையிட்ட அச்சுகளில் நிரப்புகிறார்கள். பண்ணைக்கார அம்மா அகப்பையைச் சாய்த்துத் தயிரின் மேலடுக்கை மெல்லிய தகடாக எடுத்து, உடையாமல் அச்சுக்குள் சறுக்கவிட்டார். ஒரு அகப்பை, சற்று இடைவெளி, தெளிநீர் வடிந்ததும் இன்னொரு அகப்பை. தயிரை அடித்துக் கலக்கினால் கொழுப்பு தெளிநீரோடு போய்விடும், சீஸ் வறண்டு மணல்மணலாகும். அந்தக் கையின் நிதானத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஒரு செந்த்-மோருக்குச் சுமார் 2 லிட்டர் பால் தேவை. முடிந்த சீஸ் ஏறத்தாழ 250 கிராம் இருக்கும்.

அச்சிலிருந்து எடுத்தபின் உப்பும் மரக்கரித் தூளும் கலந்து மேலே பூசுகிறார்கள். அந்தக் காலத்தில் திராட்சைக் கொடியை எரித்த சாம்பலைப் பூசினார்களாம். கரி, மேற்பரப்பின் புளிப்பைத் தணிக்கிறது; நல்ல பூசணம் படர வழி செய்கிறது. பிறகு குளிர்ச்சியும் ஈரமும் உள்ள அறையில் தட்டுகளில் அடுக்கி, நாள்தோறும் திருப்பிப் போடுகிறார்கள். செந்த்-மோருக்கு விதிப்படி குறைந்தது 10 நாள் ஆன பிறகுதான் அது கடைக்கு வரலாம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாரம்பரிய ரென்னட் கன்றின் அல்லது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. அதனால் இந்தச் சீஸ்கள் சைவம் ஆகா. இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸில் விலங்கு ரென்னட் இருக்காது.

மொச்சை வாடை எங்கிருந்து வருகிறது?

“ஆட்டுப் பாலா? மொச்சை அடிக்குமே!” நம்மவர்கள் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான். அதற்கு நேர்மையான பதில்: அடிக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை, எல்லா வயதிலும் இல்லை.

வெள்ளாட்டுப் பாலின் கொழுப்பில் சில சிறு அமிலங்கள் மாட்டுப் பாலைவிட அதிகம். கொழுப்போடு பிணைந்திருக்கும்வரை அவை மணப்பதில்லை. பாலைக் கண்டபடி குலுக்கினாலோ, நாள்பட வைத்தாலோ, சுத்தமில்லாமல் கறந்தாலோ கொழுப்பு சிதைந்து அந்த அமிலங்கள் வெளியே வருகின்றன, அப்போதுதான் மொச்சை. கிடாவைக் கறவை ஆடுகளின் பக்கத்திலேயே கட்டி வைத்தாலும் பாலில் அந்த வாடை ஏறும் என்பார்கள் பண்ணைக்காரர்கள். சுத்தமாகக் கறந்து, அன்றே உறை ஊற்றிய பாலில் செய்த இளம் சீஸில் எலுமிச்சையும் பச்சைப் புல்லும் கலந்த மணம்தான் இருக்கும். வயது ஏற ஏற அமிலங்கள் மெல்ல விடுபட, மணம் கனக்கிறது. முற்றிய சீஸில் அந்தக் கனம் குறை அல்ல. தேடிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கலாம். வெள்ளாட்டுச் சீஸ் வெள்ளை வெளேரென்று இருக்கும். மாட்டுப்பால் சீஸுக்கு மஞ்சள் நிறம் தருவது புல்லிலிருந்து வரும் கரோட்டின். வெள்ளாடு அதை உடம்புக்குள்ளேயே விட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் பாலில் மஞ்சள் தங்குவதில்லை.

எங்கள் கடைக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வருவார். ஒருநாள் பெட்டியைக் காட்டி, “பிள்ளை, இது பழுதாப் போச்சுதோ? மேலெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கு” என்றார்.

“கெட்டுப் போகலம்மா. அந்த நீலம் தானா வர்றது, சாப்பிடலாம். உள்ள எப்படி இருக்கு பாருங்க” என்று வெட்டிக் காட்டினேன்.

ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மென்றார். “உப்பும் புளிப்பும் அளவா இருக்கு. ஒண்டு சுத்தித் தாவன்” என்றார். கண்ணுக்குப் பிடிக்காததை நாக்கு ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்று வயது, மூன்று ருசி

ஓரிரு நாள் வயதுள்ள சீஸுக்கு மேல்தோலே இருக்காது. ஈரமாக, மிருதுவாக, தயிர்ப்புளிப்போடு இருக்கும். கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். புதிதாகப் பழகுபவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டு, மூன்று வாரத்தில் தோல் சுருங்கி, சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளையும் நீலமும் படரும். தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய வரி இளகிப் பளபளக்கும். நடுப்பகுதி மட்டும் இன்னும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். புளிப்பு அடங்கி, வேர்க்கடலைக்கும் பாதாமுக்கும் உரிய சுவை எட்டிப் பார்க்கும். எனக்கு மிகவும் பிடித்த பருவம் இது.

ஒரு மாதம் தாண்டினால் ஈரம் வற்றி, சீஸ் சிறுத்து, கத்திக்கு உடைந்து விழும். உப்பு தூக்கலாகும், நாக்கில் காரம் உறைக்கும். ஷவிஞோல் பக்கம் க்ரோத்தனை மூடிய மண் ஜாடிக்குள் வைத்து மேலும் பழுக்கவிடும் வழக்கம் உண்டு. அதன் மணம் அறையையே நிறைக்கும். அது பழகிய நாக்குக்கு மட்டும்.

பருவமும் முக்கியம். வெள்ளாடு பகல் குறையத் தொடங்கும் இலையுதிர்காலத்தில் சினைக்கு வரும். ஐந்து மாதம் சுமந்து, குளிர்காலக் கடைசியில் ஈனும். அதனால் இயற்கையான சுழற்சியில் போகும் பண்ணைகளில் குளிர்கால நடுவில் பாலே இருக்காது. ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை, ஆடுகள் மேய்ச்சலில் இருக்கும்போது வரும் சீஸே சிறந்தது. பிரான்சுக்குச் சுற்றுலா வருபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

தட்டில் வைக்கும் முறை

பிரான்சில் சீஸ், முக்கிய உணவு முடிந்து இனிப்பு வருவதற்கு முன் மேசைக்கு வரும். நான்கைந்து பேருக்கு மூன்று சீஸ் போதும். ஆளுக்கு 50, 60 கிராம் கணக்கு. மூன்று ஊர்ச் சீஸ் வாங்குவதைவிட, ஒரே ஊர்ச் சீஸை மூன்று வயதில் வாங்கி வைத்துப் பாருங்கள். வந்தவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். இளசிலிருந்து முற்றலுக்கு, வரிசையாக வட்டமாக வையுங்கள். முதலில் முற்றலைச் சாப்பிட்டால் இளசின் ருசி தெரியாமலே போய்விடும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பரிமாறாதீர்கள். குளிர்ச்சியில் கொழுப்பு இறுகி மணம் அடைந்து கிடக்கும். இங்கே, 20 டிகிரி வீட்டில், ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைக்கிறோம். சென்னை, மதுரை வெயிலில் கால் மணி, இருபது நிமிடமே தாராளம். அதற்கு மேல் விட்டால் வியர்த்து எண்ணெய் கசியும்.

வெட்டுவதற்கு மெல்லிய கத்தி வேண்டும். சுடுநீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் ஒட்டாது. செந்த்-மோரின் நடுவே ரை தானியத்தின் வைக்கோல் ஒன்று ஓடுகிறது. இளம் சீஸ் கையில் எடுக்கும்போது ஒடியாமல் தாங்குவதும், உள்ளே காற்று போக வழிவிடுவதும் அதன் வேலை. வெட்டுவதற்கு முன் அதன் நுனியைப் பிடித்து மெல்ல உருவ வேண்டும். உருவியதை வெளிச்சத்தில் பாருங்கள்: பொடி எழுத்தில் சீஸின் பெயரும், செய்தவரின் அடையாள எண்ணும் அந்த வைக்கோலின் மேலேயே பொறித்திருக்கும். பிரான்சில் போலிக்கு இடம் கொடுக்காத நேர்த்தி இது. பிறகு விரல் தடிமனுக்கு வில்லைகளாக வெட்டுங்கள். சாம்பல் வளையம், அதற்குள் இளகிய வரி, நடுவில் வெள்ளை என மூன்று அடுக்கும் ஒவ்வொரு வில்லையிலும் வர வேண்டும். பிரமிடையும் வட்டையும் மையத்திலிருந்து ஓரத்துக்கு முக்கோணமாக வெட்ட வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது: நடுவும் ஓரமும் ருசியில் வேறு, எல்லோருக்கும் இரண்டும் கிடைக்க வேண்டும்.

சாம்பலையும் தோலையும் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். கசப்பாகத் தெரிந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

துணைக்கு என்ன?

முதல் துணை ரொட்டி. மேல் மொறுமொறுப்பும் உள்ளே லேசான புளிப்பும் உள்ள ரொட்டி, அல்லது அக்ரூட் போட்ட ரொட்டி. மசாலா, பூண்டு சேர்த்தது வேண்டாம். இளம் சீஸுக்குத் தேனும், அப்போது பொடித்த மிளகும். நடுவயதுக்கு அத்திப்பழம், பேரிக்காய், திராட்சை, அக்ரூட். முற்றலுக்கு ரொட்டியைத் தவிர எதுவும் தேவையில்லை. என் வீட்டில் இளம் சீஸின் மேல் தேனுக்குப் பதிலாகப் பனைவெல்லப் பாகை ஊற்றி, வறுத்த முந்திரியைத் தூவுவேன். பனைவெல்லத்தின் லேசான கரிப்பும் சீஸின் புளிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். ஊறுகாயும் பச்சைமிளகாயும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உறைப்பில் சீஸ் காணாமல் போகும்.

குடிப்பவர்கள் இந்தப் பக்கத்து வெள்ளை ஒயினான சான்சேர், வூவ்ரே எடுப்பார்கள். சிவப்பு ஒயினின் துவர்ப்பு பல வெள்ளாட்டுச் சீஸ்களோடு ஒத்துப்போவதில்லை. குடிக்காதவர்களுக்கு வடிகட்டாத ஆப்பிள் சாறு நல்ல இணை.

சூடாகச் சாப்பிட ஆசையென்றால், க்ரோத்தனைக் குறுக்கே இரண்டாக வெட்டி ரொட்டித் துண்டின் மேல் வைத்து, மேலிருந்து அனல் படும் அடுப்பில் ஐந்து நிமிடம் விடுங்கள். மேலே பொன்னிறம் ஏறும், உள்ளே இளகும். பீட்சா சீஸ் நூலாக நீளுமே, அது மட்டும் நடக்காது. நிதானமாகப் புளித்தபோது, பால்புரதத்தைக் கட்டி வைத்திருந்த சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் தெளிநீரோடு போய்விட்டது. நூலாக நீள அந்தக் கட்டு வேண்டும். கடுகு, எண்ணெய், வினிகர் கலந்து பிரட்டிய கீரை இலைகளின் மேல் இதை வைத்து, அக்ரூட்டைத் தூவினால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்தது.

வைப்பதும், யாருக்கு வேண்டாம் என்பதும்

சீஸ் மூச்சுவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். கடையில் தந்த காகிதத்திலேயே சுற்றி, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில், மூடி சற்றுத் திறந்த டப்பாவில் வையுங்கள். நீலம், வெள்ளை, சாம்பல் பூசணம் இயல்பானவை. சிவப்புத் திட்டும் வழவழப்பும் வந்தால் தூக்கிப் போடுங்கள்.

இந்தச் சீஸ்கள் காய்ச்சாத பாலில் செய்தவை. கர்ப்பிணிகள், 5 வயதுக்குக் கீழான குழந்தைகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், தள்ளாத வயதினர் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குப் பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலில் செய்த சீஸ் உண்டு. மாட்டுப்பால் ஒவ்வாமை உள்ளவர்கள் ஆட்டுப்பால் பாதுகாப்பானது என்று நம்பிவிட வேண்டாம். இரண்டின் புரதங்களும் நெருங்கியவை, அதே ஒவ்வாமை வரலாம். லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு, வயதான சீஸில் அது குறைவு. ஆனால் வெள்ளாட்டுப் பாலிலும் லாக்டோஸ் உண்டு.

நம் ஊரில் வெள்ளாடு இறைச்சிக்காகவே வளர்கிறது. பால் பெரும்பாலும் குட்டிக்கும், வீட்டில் யாருக்காவது மருந்துக்கும் போகிறது. இப்போது இந்தியாவிலும் சிலர் கையால் சீஸ் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் வெள்ளாட்டுப் பாலில் செய்கிறார் என்று தெரிந்தால் போய் வாங்குங்கள். அவரிடம் எந்த நாள் செய்தது என்று விசாரியுங்கள், பாதியை அன்றே சாப்பிடுங்கள், மீதியைக் காகிதத்தில் சுற்றி அவர் சொல்லும் நாள்வரை வைத்துப் பாருங்கள். இந்தத் தொழில் லுவார் கரையில் நிலைத்ததற்குக் காரணம், சுற்றுப்புற ஊர்க்காரர்கள் வாராவாரம் வாங்கிச் சாப்பிட்டதுதான். நம் ஊரிலும் அது நிலைக்க வேண்டுமானால் வேறு வழி இல்லை.